விற்றவர் நொடித்தாலும் விளக்கு அணையாதது ஏன்? பிரிட்டனின் மின்சார, எரிவாயுச் சந்தை குறித்த ஒரு விளக்கம்

2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் தொடங்கி ஓராண்டு முடிவதற்குள், பிரிட்டனில் வீடுகளுக்கு மின்சாரமும் எரிவாயுவும் விற்றுவந்த 28 நிறுவனங்கள் நொடித்துப்போயின. அவற்றிடம் கணக்கு வைத்திருந்த சுமார் 24 லட்சம் வாடிக்கையாளர்களில் ஒருவர் வீட்டிலும் இதனால் விளக்கு அணையவில்லை, அடுப்பு நிற்கவில்லை. அடுத்த மாத பில்லில் வேறொரு நிறுவனத்தின் பெயர் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த நிறுவனங்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத வீடுகள் உட்பட நாட்டின் எல்லா வீடுகளும், இந்தச் சரிவுக்காகச் சராசரியாக 94 பவுண்டு கூடுதலாகக் கட்ட நேர்ந்தது. சரக்கு தடையின்றி வந்துகொண்டிருக்கும்போது விற்பவர் மட்டும் காணாமல் போவது எப்படி, அவருடைய நட்டம் அவரிடம் வாங்காதவரின் தலையில் விழுவது எப்படி என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை, கடந்த 40 ஆண்டுகளில் அந்நாடு தன் எரிசக்தித் துறையைப் பிரித்து அடுக்கிய விதத்தில் இருக்கிறது.

ஒரே கம்பியில் நான்கு தொழில்கள்

மின்சாரம் என்று ஒற்றைச் சொல்லால் நாம் குறிப்பிடுவதற்குள் நான்கு தொழில்கள் அடங்கியிருக்கின்றன.

1. உற்பத்தி. அனல், அணு, எரிவாயு, காற்றாலை போன்ற நிலையங்களில் மின்சாரத்தை உண்டாக்குவது.
2. தொடரமைப்பு. உயரழுத்தக் கோபுரங்கள் வழியாக அதை நாட்டின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குக் கொண்டுசெல்வது.
3. பகிர்மானம். துணைமின் நிலையத்திலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து வீட்டுக்கும் சேர்ப்பது.
4. விற்பனை. மொத்தச் சந்தையில் மின்சாரத்தை வாங்கி, கம்பி வைத்திருப்பவர்களுக்கு உரிய கட்டணத்தைச் செலுத்தி, வாடிக்கையாளருக்கு பில் போட்டுப் பணம் வசூலிப்பது.

எரிவாயுவுக்கும் இதே நான்கு உண்டு. வடகடல் வயல்கள், நார்வேயிலிருந்து வரும் குழாய்கள், கப்பலில் வரும் திரவ எரிவாயு ஆகியவை முதலாவது. உயர் அழுத்தக் குழாய், ஊர்க்குழாய், விற்பனை ஆகியவை மற்ற மூன்று.

இவற்றில் நடுவிலுள்ள இரண்டும் இயல்பாகவே முற்றுரிமைத் தொழில்கள். ஒரே தெருவில் இரண்டு நிறுவனங்கள் இரண்டு வரிசைக் கம்பங்களை நடுவதால் யாருக்கும் லாபமில்லை. ஆகவே கம்பியையும் குழாயையும் கட்டுப்பாட்டுக்குள் வைத்துக்கொண்டு, உற்பத்தியையும் விற்பனையையும் போட்டிக்குத் திறந்துவிடலாம் என்பதே உலகெங்கும் நடந்த மின்துறைச் சீர்திருத்தங்களின் அடிப்படை எண்ணம். தமிழ்நாட்டில் 2010இல் மின்வாரியத்திலிருந்து தொடரமைப்புக் கழகம் தனியாகப் பிரிக்கப்பட்டதும் இந்த எண்ணத்தின் வழிவந்ததுதான்; ஆனால் வீட்டு இணைப்புக்கு விற்பவர் அங்கே இன்றும் ஒருவரே.

நான்காவது தொழிலில் இறங்க மின்நிலையம் தேவையில்லை, கம்பி தேவையில்லை. உரிமம், கணக்கு மென்பொருள், தொலைபேசியில் பதில் சொல்ல ஆட்கள் ஆகியவை இருந்தால் போதும். பல வாய்க்கால்கள் வந்து நிரப்பும் ஏரியிலிருந்து பல மதகுகள் வழியே நீர் வெளியேறுவதைப் போல, எல்லா நிலையங்களின் மின்சாரமும் ஒரே வலையமைப்பில் கலந்துவிடுகிறது. எந்த வாய்க்காலின் நீர் எந்த வயலுக்குப் போனது என்று சொல்ல இயலாது. விற்பவர் செய்வதெல்லாம் தன் வாடிக்கையாளர் எடுத்த அளவுக்குச் சமமான அளவு உள்ளே விடப்பட்டதாகக் கணக்குக் காட்டுவதே. விற்பவர் நொடித்தால் அறுபடுவது கணக்கு மட்டும்தான், கம்பி அறுபடுவதில்லை. நம் முதல் கேள்விக்கு விடை இதில் முடிந்துவிடுகிறது.

ஒரு முக்கியமான வேறுபாடும் உண்டு. ஏரியில் நீர் தேங்கும். மின்வலையில் மின்சாரம் தேங்காது. உற்பத்தியும் நுகர்வும் நொடிக்கு நொடி சமமாக இருக்க வேண்டும். எரிவாயுவோ குழாய்க்குள்ளேயே ஓரளவு அழுத்தி வைக்கத்தக்கது. அதனால் பிரிட்டனில் எரிவாயுக் கணக்கு நாளுக்கு ஒருமுறையும், மின்சாரக் கணக்கு அரைமணிக்கு ஒருமுறையும் தீர்க்கப்படுகிறது. தட்டுப்பாடு வரும் நேரத்தில் மின்சாரத்தின் விலை எரிவாயுவை விட வெறித்தனமாக ஏறி இறங்குவதற்கு இதுவே காரணம்.

குழப்பப்படும் மூன்று சொற்கள்

செய்திகளில் ஒன்றுக்கொன்று மாற்றாகப் பயன்படுத்தப்படும் மூன்று சொற்கள் வெவ்வேறு செயல்களைக் குறிப்பவை.

1. தனியார்மயம் என்பது உடைமை கைமாறுவது. பிரிட்டனில் எரிவாயுவுக்கு 1986இலும், மின்சாரத்துக்கு 1990இலிருந்தும் நடந்தது.
2. தாராளமயம் என்பது பிறர் நுழையக் கதவைத் திறப்பது. பெரிய தொழிற்சாலைகளில் தொடங்கிய இது, 1990களின் இறுதியில்தான் வீடுகளை எட்டியது.
3. கட்டுப்பாடு நீக்கம் என்பது விலையை நிர்ணயிக்கும் பொறுப்பை ஒழுங்குமுறை அமைப்பு கைவிடுவது. வீடுகளுக்கான சில்லறை விலையில் இது 2002இல் நிறைவேறியது. 2019இல் திரும்பப் பெறப்பட்டது.

மூன்றாவது ஏற்பாடு ஆயுள் முழுவதும் 17 ஆண்டுகளுக்குக் குறைவாகவே நீடித்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்லலாம்.

தவறான முதலீட்டுக்கு யார் பொறுப்பு?

1990க்கு முன் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் மின் உற்பத்தியும் தொடரமைப்பும் மத்திய மின் உற்பத்தி வாரியம் என்ற ஒரே அரசு அமைப்பின் கையில் இருந்தன. தொழில்நுட்பத் திறமையில் அதைக் குறை சொல்பவர் குறைவு. குறை வேறிடத்தில் இருந்தது. டஞ்ஜினஸ் பி அணுமின் நிலையத்தின் கட்டுமானம் 1965இல் தொடங்கியது. அது முதன்முதலில் மின்சாரம் தந்தது 1983இல். இத்தகைய தாமதத்தின் செலவு கட்டணத்தில் சேர்க்கப்பட்டு, வேறு வழியில்லாத வாடிக்கையாளரிடமே வசூலிக்கப்பட்டது. முடிவெடுத்தவர் ஒருவர், விலை கொடுத்தவர் வேறொருவர்.

சந்தையை ஆதரித்தவர்களின் வலுவான வாதம் இங்கிருந்துதான் பிறக்கிறது. விலை குறையும் என்பது மேடைப் பேச்சு. தவறான முதலீட்டின் நட்டத்தை முதலீட்டாளரே சுமக்கும்படி செய்தால் தவறுகள் குறையும் என்பதே உண்மையான வாதம். இந்த ஏற்பாட்டை மதிப்பிட விரும்புபவர், நட்டம் வந்தபோதெல்லாம் அது கடைசியில் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும்.

எரிவாயு: விற்றுவிட்டுப் பிரித்தது

1986 டிசம்பரில் பிரிட்டிஷ் கேஸ் நிறுவனம் குழாய், கொள்முதல், விற்பனை அனைத்தும் சேர்ந்த முழு உருவிலேயே பங்குச் சந்தையில் விற்கப்பட்டது. 'சிட்' என்ற கற்பனை ஆளுக்குச் செய்தி சொல்லும்படி கேட்ட விளம்பரங்களால் அந்தப் பங்கு விற்பனை நாடெங்கும் பேச்சானது. ஆனால் அரசு முற்றுரிமை தனியார் முற்றுரிமையாக மாறியதைத் தவிர, போட்டி என்ற அளவில் எதுவும் மாறவில்லை. குழாயை வைத்திருப்பவரே எரிவாயுவையும் விற்றால், போட்டியாளர் தன் எரிவாயுவைக் கொண்டுசெல்ல எதிராளியிடமே அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கும்.

ஏறத்தாழ பத்தாண்டுகள் விசாரணைகளிலும் இழுபறியிலும் கழிந்த பிறகு, 1995இல் புதிய சட்டம் வந்தது. 1996இல் இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் சோதனை முறையில் வீடுகளுக்குத் தெரிவுரிமை தரப்பட்டு, 1998இல் அது நாடு முழுவதும் விரிந்தது. இதற்கிடையே நிறுவனம் ஒரு பொறியில் சிக்கியிருந்தது. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் தர வேண்டும் என்ற நீண்டகால ஒப்பந்தங்களை வடகடல் உற்பத்தியாளர்களோடு அது செய்திருந்தது. 1995இல் சந்தை விலை சரிந்ததும், புதியவர்கள் மலிவாக வாங்கி மலிவாக விற்க, பழைய நிறுவனம் அதிக விலைச் சரக்கோடு வாடிக்கையாளரை இழந்து நின்றது. 1997இல் அது இரண்டாகப் பிரிந்தது. விற்பனைப் பிரிவு சென்ட்ரிகா ஆனது, குழாய்கள் மற்றப் பகுதியோடு போயின. இந்தக் கட்டத்தில் நட்டம், வாதம் சொன்னபடியே, பெரும்பாலும் பங்குதாரர்களிடம் சேர்ந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மின்சாரம்: பிரித்துவிட்டு விற்றது

எரிவாயுவில் கற்ற பாடம் மின்சாரத்தில் பயன்பட்டது. 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1990 மார்ச் 31 அன்று வாரியம் நான்காக உடைக்கப்பட்டது. நேஷனல் பவர், பவர்ஜென் ஆகிய இரண்டும் அனல் நிலையங்களைப் பெற்றன. அணுமின் நிலையங்களை வாங்கத் தனியார் முன்வராததால் அவை நியூக்ளியர் எலக்ட்ரிக் என்ற பெயரில் அரசிடமே நின்றன. கோபுரங்களும் கம்பிகளும் நேஷனல் கிரிட் நிறுவனத்துக்குச் சென்றன. வீடுகளுக்கு வழங்கிய 12 வட்டார வாரியங்கள் தனித்தனி நிறுவனங்களாயின. முதல் ஒழுங்குமுறைத் தலைவராக ஸ்டீபன் லிட்டில்சைல்ட் என்ற பொருளாதார அறிஞர் அமர்ந்தார்.

உற்பத்தியாளர்கள் நாள்தோறும் ஒரு பொது ஏலத்தில் விலை கேட்டனர். அந்த ஏலத்தின் விதி இன்றைய விலைக் குழப்பங்களுக்கும் திறவுகோல் என்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம்.

1. ஒவ்வொரு நிலையமும் தான் ஓட என்ன விலை வேண்டும் என்று முன்கூட்டியே தெரிவிக்கும்.
2. ஏலம் நடத்துபவர் மலிவானதிலிருந்து தொடங்கி, தேவை நிறையும்வரை நிலையங்களை வரிசையாக ஏற்பார்.
3. வரிசையில் கடைசியாக ஏற்கப்பட்ட, எல்லாவற்றிலும் விலை கூடிய நிலையத்தின் விலையே அந்த அரைமணி நேரத்தின் விலை.
4. மலிவாகக் கேட்டவருக்கும் அந்த விலையே கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, ஒரு மாலை நேரத் தேவை 30,000 மெகாவாட் என்று வைத்துக்கொள்வோம். அணுவும் காற்றும் 20,000 மெகாவாட் தருகின்றன; மிச்சத்தை எரிவாயு நிலையங்கள் தருகின்றன. மூன்றில் இரண்டு பங்கு மின்சாரத்துக்கு எரிபொருள் செலவு மிகக் குறைவு. இருந்தும் முழு 30,000 மெகாவாட்டுக்கும் விலையை முடிவுசெய்வது எரிவாயு. இது ஏமாற்று வேலை போலத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொருவருக்கும் அவரவர் கேட்ட விலையே கொடுக்கப்படும் என்று விதி செய்தால், எல்லோரும் கடைசி விலை என்னவாக இருக்கும் என்று ஊகித்து அதையே கேட்பார்கள். முடிவு பெரிதாக மாறாது. 2001 மார்ச்சில் இந்தப் பொது ஏலம் கைவிடப்பட்டு, இருவருக்கிடையிலான ஒப்பந்தங்களே அடிப்படை என்ற முறை வந்த பிறகும் எரிவாயுவின் பிடி தளராததற்கு இதுவே காரணம்.

பழைய ஏலத்தின் உண்மையான நோய் வேறு. தொடக்கத்தில் விலையை முடிவுசெய்யும் கடைசி நிலையம் ஏறத்தாழ எப்போதும் நேஷனல் பவர், பவர்ஜென் ஆகிய இரண்டில் ஒன்றுக்குச் சொந்தமாக இருந்தது. இருவர் மட்டும் ஆடும் ஏலத்தில் விலையை உயர்த்திப் பிடிக்க ரகசியப் பேச்சுகூடத் தேவையில்லை. 1994இல் லிட்டில்சைல்ட், இரண்டாண்டு விலை வரம்புக்கு உடன்படவும், இருவரும் சேர்ந்து 6,000 மெகாவாட் நிலையங்களைப் பிறருக்குக் கைமாற்றவும் வைத்தார். பத்தாண்டின் இறுதியில் மேலும் பல நிலையங்கள் கைமாறிய பிறகே மொத்தவிலை உண்மையாகச் சரிந்தது. சந்தையைத் திறந்தால் போட்டி தானாக வரும் என்று நம்புபவர்கள் இந்தப் பத்தாண்டைக் கவனமாகப் படிப்பது நல்லது.

விலை சரிந்ததும் கோட்பாட்டுக்குச் சோதனை வந்தது. 1996இல் ஒருவழியாகத் தனியாருக்கு விற்கப்பட்டிருந்த அணுமின் நிறுவனமான பிரிட்டிஷ் எனர்ஜி, 2002இல் கடனைக் கட்ட இயலாத நிலையை அடைந்தது. நாட்டின் மின்சாரத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைத் தந்த நிறுவனம் அது. பங்குதாரர்கள் ஏறக்குறைய எல்லாவற்றையும் இழந்தனர். அதுவரை கோட்பாடு வென்றது. ஆனால் அணு நிலையத்தை மூடிவிட்டுப் பூட்டுப் போட முடியாது. செப்டம்பரில் அரசு 41 கோடி பவுண்டு அவசரக் கடன் தந்தது; பழைய எரிபொருளையும் நிலையங்களையும் அகற்றும் செலவின் பெரும்பகுதிக்குப் பிறகு பொறுப்பேற்றது. பங்குதாரர் சுமந்தது தன் முதலீட்டின் அளவுக்கு. அதற்கு மேற்பட்டது வரி செலுத்துபவரிடம் வந்தது.

வீட்டு வாசலுக்கு வந்த போட்டி

1990இல் ஒரு மெகாவாட்டுக்கு மேல் வாங்குபவர், 1994இல் 100 கிலோவாட்டுக்கு மேல் வாங்குபவர், 1998 செப்டம்பருக்கும் 1999 மேக்கும் இடையே எல்லா வீடுகளும் என்று மின் விற்பனை படிப்படியாகத் திறக்கப்பட்டது. மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் இருந்த இரண்டு ஒழுங்குமுறை அலுவலகங்கள் ஆஃப்ஜெம் என்ற ஒன்றாக இணைந்தன. 2002 ஏப்ரலில் கடைசி விலைக் கட்டுப்பாடும் நீங்கியது. சில ஆண்டுகளுக்குள் வாங்கலும் இணைப்புமாக, சந்தை ஆறு பெரிய நிறுவனங்களிடம் சுருங்கிவிட்டது.

தொழிற்சாலைக்குப் போட்டி பயன்பட்டது. மின்செலவைக் கவனிக்கவே அங்கு ஓர் அலுவலர் இருப்பார். வீடு அப்படிப்பட்டதன்று. நிறுவனம் மாறுபவருக்கு மலிவு விலை, மாறாமல் இருப்பவருக்கு உயர்ந்த விலை என்று இரட்டை விலை உருவானது. பெரும்பான்மையோர் மாறவில்லை, முதியோரும் வாடகை வீட்டினரும் வருவாய் குறைந்தோரும் இவர்களில் அதிகம். 2016இல் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் தன் விசாரணையின் முடிவில், 2012 முதல் 2015 வரை வீட்டு வாடிக்கையாளர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 140 கோடி பவுண்டு கூடுதலாகச் செலுத்தியதாகக் கணித்தது. இதைச் சரிசெய்ய, ஒரு காலத்தில் வாரியங்களை விற்ற அதே கன்சர்வேட்டிவ் கட்சியின் அரசு 2018இல் சட்டம் இயற்றி, 2019 ஜனவரி 1 முதல் விலை உச்சவரம்பைக் கொண்டுவந்தது.

அதே காலத்தில், புதியவர்கள் நுழைவதை எளிதாக்க வேண்டும் என்ற நோக்கில் உரிமம் பெறுவதற்கான நிபந்தனைகள் தளர்வாகவே இருந்தன. 2018 வாக்கில் ஏறத்தாழ 70 விற்பனை நிறுவனங்கள் இருந்தன. போட்டி செழித்ததாக இதை ஒழுங்குமுறையாளர்கள் பெருமையுடன் எண்ணிக் காட்டினார்கள். அவற்றில் பலவற்றின் நடைமுறை முதலீடு, வாடிக்கையாளர்கள் மாதாமாதம் முன்கூட்டிக் கட்டிய பணமே. புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்காக வசூலித்து ஆண்டுக்கு ஒருமுறை செலுத்த வேண்டிய தொகையையும் இடைப்பட்ட மாதங்களில் சிலர் சுழற்சிக்குப் பயன்படுத்தினர்.

2021: சரிவின் கண்ணிகள்

1. தெர்ம் என்பது எரிவாயுவை அளக்கும் ஓர் அலகு. ஒரு தெர்ம் எரிவாயுவின் மொத்தவிலை 2021 தொடக்கத்தில் ஏறத்தாழ 50 பென்ஸாக, அதாவது அரை பவுண்டாக இருந்தது. ஆசியாவின் தேவை பெருகியதாலும், ஐரோப்பியச் சேமிப்பு குறைந்திருந்ததாலும், ரஷ்யாவின் வரத்து சுருங்கியதாலும், டிசம்பரில் அது 4 பவுண்டைத் தாண்டியது. நாட்டின் சேமிப்பில் பெரும்பகுதியாக இருந்த ரஃப் கடலடிக் கிடங்கு 2017இலேயே மூடப்பட்டிருந்தது.
2. எரிவாயு ஏறியதால், மேலே பார்த்த விதிப்படி மின்சாரமும் ஏறியது.
3. உச்சவரம்பு அப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கடந்த மாதங்களின் மொத்தவிலையை வைத்துக் கணக்கிடப்பட்டது. ஆகவே அன்றைய சந்தை விலைக்கு வெகு கீழே அது நின்றது.
4. எதிர்வரும் மாதங்களுக்கான சரக்கை முன்பேர ஒப்பந்தத்தில் வாங்கி வைத்திருந்த நிறுவனங்கள் தாக்குப்பிடித்தன. வாங்காதவை ஒவ்வொரு யூனிட்டையும் நட்டத்துக்கு விற்றன.
5. சொந்த மூலதனம் இல்லாத நிறுவனங்கள் அந்த நட்டத்தை வாரக்கணக்கில்கூடத் தாங்கவில்லை.

விலை ஏற்றம் மட்டுமே இவற்றை வீழ்த்தியது என்று சொல்வது பாதி உண்மை. விலை இறங்கும்போது அன்றன்று வாங்கி லாபம் பார்ப்பது, ஏறினால் கடையை மூடிவிட்டுப் போவது என்ற கணக்கு தொடக்கத்திலிருந்தே இவற்றின் தொழில்முறையில் இருந்தது. இழப்பதற்குச் சொந்தப் பணம் இல்லாதவர் முன்பேர ஒப்பந்தத்துக்குச் செலவிட ஏன் விரும்புவார்?

94 பவுண்டு எப்படி வந்தது?

விற்பவர் நொடித்தால், கடைசிப் புகலிட விற்பனையாளர் ஒருவரை ஆஃப்ஜெம் நியமிக்கும். அவர் அந்த வாடிக்கையாளர்களை ஒரே நாளில் ஏற்றுக்கொள்வார். அவர்கள் முன்கூட்டிக் கட்டியிருந்த பணத்துக்கும் உத்தரவாதம் உண்டு. ஆனால் புதிதாக வந்தவர்களுக்கான சரக்கை அவர் அன்றைய உச்ச விலையில் வாங்கி, உச்சவரம்பு விலையில் விற்க வேண்டும். அந்த வேறுபாட்டையும் பிற செலவுகளையும் கம்பி, குழாய்க் கட்டணங்களில் சேர்த்து எல்லா வாடிக்கையாளர்களிடமிருந்தும் மீட்டுக்கொள்ள விதி இடம் தருகிறது. தேசியத் தணிக்கை அலுவலகம் 2022இல் தந்த கணக்கின்படி மொத்தத் தொகை 270 கோடி பவுண்டு; ஒரு வாடிக்கையாளருக்கு 94 பவுண்டு. சுமார் 16 லட்சம் வாடிக்கையாளர்களோடு இருந்த பல்ப் நிறுவனத்தின் செலவு இதில் சேரவில்லை. அதை யாரும் ஏற்க முடியாததால் அரசுப் பணத்தில் சிறப்பு நிர்வாகத்தின் கீழ் நடத்தி, 2022 இறுதியில் ஆக்டோபஸ் எனர்ஜிக்கு மாற்றினார்கள்.

கூடுதல் தொகையின் பெரும்பகுதி மின்சாரத்தின் நாள்வாரி நிலைக்கட்டணத்தில் ஏறியது. எனவே குறைவாகப் பயன்படுத்தியவரும் தப்பவில்லை. நல்ல காலத்தில் மலிவு விலையை அனுபவித்தவர்கள் தேடித் தேடி நிறுவனம் மாறியவர்கள். கெட்ட காலத்தின் செலவோ ஒருபோதும் மாறாதவர் உட்பட அனைவருக்கும் பொதுவானது. டஞ்ஜினஸ் கட்டணத்தைச் சுமந்த அதே வாடிக்கையாளரிடம்தான் இந்த நட்டமும் வந்து சேர்ந்தது. மொத்தச் சந்தையில் போட்டி பயன் தந்தது என்பதை ஏற்கலாம். வீட்டு விற்பனையில் அது தந்த பயன், அதற்காகக் கொடுத்த விலைக்கு ஈடாகாது என்பதே இந்தக் கணக்கிலிருந்து நான் எட்டும் முடிவு.

திரும்பி வந்த அரசு

உற்பத்திப் பக்கத்திலும் கட்டுப்பாடு பெருமளவு திரும்பிவிட்டது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த வேறுபாட்டு ஒப்பந்தத்தில், புதிய நிலையத்துக்கு ஒரு நிலையான விலை உறுதியளிக்கப்படுகிறது. சந்தை விலை அதற்குக் கீழே போனால் வாடிக்கையாளர் கட்டணத்திலிருந்து ஈடு செய்வார்கள். மேலே போனால் நிலையம் மிகுதியைத் திருப்பித் தரும். ஹிங்க்லி பாயிண்ட் சி அணு நிலையத்துக்கு 2012ஆம் ஆண்டு விலைமதிப்பில் ஒரு மெகாவாட் மணிக்கு 92.50 பவுண்டு என 35 ஆண்டுகளுக்கு இப்படி எழுதிக் கொடுக்கப்பட்டது. அதன் கட்டுமானச் செலவு கூடினால் பொறுப்பு நிலையத்தைக் கட்டும் நிறுவனத்துடையது. மின்விலை சரிந்தால் பொறுப்பு வாடிக்கையாளருடையது. எந்த வகை நிலையம் எவ்வளவு கட்டப்பட வேண்டும் என்பதை இன்று ஏலத்தின் வழியே அரசுதான் முடிவுசெய்கிறது. மின்வலையை நொடிக்கு நொடி இயக்கும் பணியும், நேஷனல் கிரிட்டிடமிருந்து 63 கோடி பவுண்டுக்கு வாங்கப்பட்டு, 2024 அக்டோபரிலிருந்து பொது உடைமையில் நடக்கிறது. விற்பனை நிறுவனங்கள் குறைந்தபட்ச மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் இப்போது உண்டு. மின்சாரம், எரிவாயு இரண்டையும் வாங்கும் ஒரு வாடிக்கையாளருக்கு 115 பவுண்டு வீதம் மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்பது 2025 மார்ச்சுக்கான இலக்காக வைக்கப்பட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் தீராத ஒன்று விலையின் நிலவியல். காற்றாலைகள் ஸ்காட்லாந்தில் குவிந்திருக்கின்றன. தேவை தென் இங்கிலாந்தில் இருக்கிறது. இடையிலுள்ள கம்பிகள் போதவில்லை. மொத்தச் சந்தையிலோ நாடு முழுவதற்கும் ஒரே விலை. பலத்த காற்று வீசும் நாட்களில் வடக்கிலுள்ள காற்றாலைகளை நிறுத்துவதற்கும் பணம் கொடுத்து, தெற்கிலுள்ள எரிவாயு நிலையங்களை ஓட்டுவதற்கும் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டும் பில்லில்தான் சேருகின்றன. மண்டலத்துக்கு ஒரு விலை வைத்தால் காற்று மிகுந்த இடத்தில் மின்சாரம் மலியும், ஆலைகளும் அங்கே போகும் என்று ஒரு தரப்பு வாதிட்டது. வருவாய் நிச்சயமற்றதாகிவிட்டால் முதலீட்டாளர்கள் கூடுதல் வட்டி கேட்பார்கள், அதுவும் வாடிக்கையாளரிடமே வரும் என்றது மறுதரப்பு. பல ஆண்டு ஆலோசனைக்குப் பின், 2025 ஜூலையில் அரசு மண்டல விலையை நிராகரித்து, ஒரே தேசிய விலையைத் தொடர முடிவுசெய்தது. வடக்கு–தெற்குக் கம்பிகள் கட்டி முடிக்கப்படும்வரை, நிறுத்துவதற்கான கட்டணமும் ஓட்டுவதற்கான கட்டணமும் தொடரும்.